ஒன்லி நின்ற இடம்

நாங்கள் மைசூருக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஈரோட்டிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவளை இங்கே ப்ளஸ் டூ மாதிரியான பி.யூ.சி.யில் ஆங்கில வழியில் சேர்த்துவிட்டார்கள். முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் எழுந்து, "மைசெல்ஃப் கமிங் ஃப்ரம் ஈரோடு" என்றேன். வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்கும் ஒரு முறை சிரித்தார்கள்.

அன்று மாலையே அப்பாவை இழுத்துக்கொண்டு பழைய புத்தகக் கடைக்குப் போய், அட்டை கிழிந்த ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் சமையலறையில் உட்கார்ந்து அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். முடித்ததும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். குழம்பைப் பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனால் ஒரு கண் குழம்பிலும் ஒரு கண் வினைச்சொல்லிலும் இருக்கும். இரண்டு வருடத்தில், அன்று சிரித்தவர்களில் சிலர் தங்கள் கட்டுரைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள், பிழை இருக்கிறதா பார் என்று.

கான்வென்டில் படித்த பெண்களுக்கு ஆங்கிலம் காதிலேயே இருந்தது. இது ஏன் சரி, அது ஏன் தப்பு என்று கேட்டால், "அப்படிச் சொன்னால்தான் நன்றாக இருக்கிறது" என்பார்கள். எனக்கு அந்தக் காது கிடையாது. எனக்குக் கிடைத்தவை விதிகள். அப்பன் என்ன வேலை பார்க்கிறான், எந்தப் பள்ளியில் படித்தாய் என்றெல்லாம் அவை கேட்கவில்லை. உட்கார்ந்து படித்தால் வந்தன. அதனால், மக்கள் பேசுகிற வழக்குக்கு ஏற்ப ஆங்கில இலக்கணம் வளைந்துகொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். யாருடைய வழக்குக்கு என்று கேட்பேன். வழக்கு, அதில் பிறந்தவர்களுக்குச் சொந்தம். விதியை ஈரோட்டுக்காரியும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த விதிகள்தான் எனக்குச் சோறு போட்டன. மைசூர் ஓரத்தில், ஹெப்பாளில் பெரிய ஐ.டி. வளாகம் ஒன்றில், புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கும் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். பதினொரு வருடம் அதில் போய்வந்தேன். பஸ்ஸில் ஏறும் பிள்ளைகள் "குட் மார்னிங் மேம்" என்று சொல்லிவிட்டு, மேலே ஒரு வார்த்தையும் பேச மாட்டார்கள். பேசினால் திருத்திவிடுவேன் என்ற பயம்.

என் தமிழை மட்டும் யாரும் திருத்தவில்லை. மைசூரில் முப்பது வருடம் இருந்ததில், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கன்னடக்காரர்களைப் போல "அல்வா" என்று கேட்கப் பழகிவிட்டேன். 'அப்படித்தானே' என்று அதற்கு அர்த்தம். ஈரோட்டில் கல்யாணத்துக்குப் போனால், "பஸ்ஸு கரெக்டா வந்துருச்சு, அல்வா?" என்று கேட்பேன். "அல்வா எங்க, கொண்டாந்தியா?" என்று சித்தி மகள் பையைத் துழாவுவாள். சிரிப்பார்களே தவிர, இதுவரை யாரும் சிவப்பு மையால் சுழித்ததில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

நான்கைந்து வருடங்களுக்கு முன் அந்த வேலையை விட்டு, நகரத்துக்குள்ளேயே ஒரு நடுத்தர மருத்துவமனையில் சேர்ந்தேன். அவர்கள் தரச்சான்றுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஆய்வாளர்கள் வரும்போது படிவம், அறிவிப்பு, நோயாளிக்குக் கொடுக்கும் டிஸ்சார்ஜ் அறிக்கை எல்லாம் பிழையில்லாத ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆவணப் பிரிவில் எனக்கு ஒரு சிறிய அறை கொடுத்தார்கள். இளம் டாக்டர்கள், நர்ஸ்கள் எழுதிய குறிப்புகளைச் சேர்த்து அறிக்கையைத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். நான் மொழியைத் திருத்துவேன். பிறகு பெரிய டாக்டர் கையெழுத்திடுவார். மருந்து, அளவு எதையும் தொடக் கூடாது, மொழி மட்டும்தான். எனக்கும் அதற்கு மேல் ஆசை இல்லை.

சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு பட்டியல் தயாரித்தேன். எழுதக் கூடாத ஆங்கிலச் சொற்கள். முன்கூட்டியே வைப்பதற்கு 'ப்ரீபோன்', வேண்டியதைச் செய்யுங்கள் என்பதற்கு 'டூ த நீட்ஃபுல்', 'டுடே இட்செல்ஃப்', கண்ட இடத்தில் வந்து நிற்கும் 'ஒன்லி'. ஒவ்வொன்றுக்கும் எதிரே சரியான வடிவம். அதை அச்சடித்து எல்லா வார்டுகளிலும் நர்ஸ்கள் உட்காரும் மேசைக்கு மேலே ஒட்ட வைத்தேன். புதன்கிழமை மூன்று மணிக்கு நர்ஸ்களுக்கு வகுப்பும் எடுத்தேன்.

அந்த வகுப்பில்தான் அவரைப் பார்த்தேன். இரண்டாம் மாடி வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். என் வயதுதான் இருக்கும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். படித்தது முழுக்கக் கன்னடத்தில், பேசுவது கொங்குத் தமிழ். அவர் வாயைத் திறந்தால் எனக்கு ஈரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியது போல இருக்கும். ஆனால் வகுப்பில் அந்தச் சந்தோஷத்தை நான் காட்டிக்கொள்ளவில்லை.

'ஒன்லி' பற்றிப் பாடம் நடந்த அன்று, எனக்குப் பிடித்த விதியைப் பலகையில் எழுதினேன். அந்தச் சொல் எதைக் குறிக்கிறதோ அதற்கு ஒட்டினாற்போல் முன்னால் நிற்க வேண்டும்; வாக்கியத்தின் வாலில் தொங்கக் கூடாது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அவர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"ஏனுங்க மேடம், 'காலைலயே குடுத்தாச்சு'ன்னு இங்கிலீஷ்ல எப்படிங்க சொல்றது?"

"ஆல்ரெடி கிவன் இன் த மார்னிங்."

"'இங்கயேதான் இருந்தாரு'ன்னா?"

"ஹீ வாஸ் ரைட் ஹியர்."

"'அன்னிக்கே சொன்னேன்'?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "அது... சூழ்நிலையைப் பொறுத்தது, சிஸ்டர். எல்லாத்துக்கும் ஒரே சொல் இங்கிலீஷ்ல கிடையாது."

"எங்களுக்கு ஒண்ணு இருக்குதுங்களே. ஒன்லின்னு போட்டா கன்னடத்துக்காரங்களுக்கும் புரியுது, மலையாளத்துப் பொண்ணுகளுக்கும் புரியுது. அதப் புடுங்கிட்டு மூணு வேற வேற வார்த்தை குடுக்கறீங்க. டூட்டி மாத்தற அவசரத்துல எந்த வார்த்தை எங்கன்னு நாங்க தேடிட்டு நிக்கறதுங்களா?"

வகுப்பு சிரித்தது. பதினாறு வயதில் கேட்ட அதே சத்தம் போல இருந்தது எனக்கு.

"ரூல்னா ரூல்தான், அல்வா சிஸ்டர்?" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று பேனாவை எடுத்துக்கொண்டார். கோபம் எதுவும் இல்லை முகத்தில். எழுதிக்கொள்ளவும் இல்லை.

அது நடந்து மூன்று வாரம் இருக்கும். மாதேஸ்வரன் மலையில் தேங்காய், பூ, கற்பூரம் விற்கிற ஒருவர் அந்த இரண்டாம் மாடி வார்டில் ஒரு வாரம் இருந்தார். நாள் முழுக்க நின்றே வியாபாரம் செய்கிறவர். காலில் ரத்தம் உறைந்து கட்டி, தொடை வரை வீங்கி வந்திருந்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மூன்று மாதத்துக்குத் தவறாமல் போட வேண்டும். வீக்கம் வடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவர் கிளம்பும் முன் அவருடைய அறிக்கை என் மேசைக்கு வந்தது. மருந்துப் பட்டியல் தனியாக ஒரு கட்டத்தில் இருந்தது; அதை நான் தொடவில்லை. அதற்குக் கீழே, அந்த சிஸ்டரின் குறிப்பிலிருந்து எடுத்த கடைசி வரி: 'டேப்லெட் கிவன் இன் மார்னிங் ஒன்லி.' பட்டியலை ஒட்டி, வகுப்பும் எடுத்த பிறகு, ஒன்லி வாலில் தொங்குகிறது. ஒரு பெருமூச்சு விட்டு அதைத் தூக்கி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். 'த டேப்லெட் வாஸ் கிவன் ஒன்லி இன் த மார்னிங்.' படித்துப் பார்த்தேன். கண்ணாடி போல இருந்தது. அடுத்த அறிக்கையை எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த சிஸ்டர் என் அறைக்கு வந்தார். அவர் அதுவரை கீழே வந்ததே இல்லை. கையில் அந்த அறிக்கையின் நகல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், வீட்டுக்குப் போனவங்கள மூணாம் நாளு போன் போட்டு விசாரிக்கறது என்ற பழக்கமுங்க. இன்னிக்கி மலைக்குப் போட்டன். வீட்டுக்காரம்மா எடுத்தாங்க. மாத்திரை ஒழுங்காப் போடறாங்களான்னு கேட்டா, 'பேப்பர்ல காலைல மட்டும்னு போட்டிருக்குதாமா, மருந்துக்கடைக்காரரு சொன்னாரு'ங்கறாங்க. மேல கட்டத்துல ரெண்டு நேரம்னுதான் இருக்குது, கடைசி வரியப் பாத்துட்டு அவரு அப்படிச் சொல்லியிருக்கறாருங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காகிதத்தை என் முன்னால் வைத்து அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"நான் எழுதினது, இன்னிக்கி மாத்திரை காலைலயே குடுத்தாச்சு, ஊட்டுக்குப் போனதும் மறுக்காக் குடுத்துறாதீங்கன்னு. நீங்க இத நகத்துனதுல, காலைல மட்டும்தான் குடுத்தோம்னு ஆயிருச்சுங்க."

அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ஒரே ஒரு சொல். மூன்று சொல் தள்ளி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஈரோட்டுப் பள்ளியில் மனப்பாடம் செய்தது எங்கிருந்தோ வந்து நின்றது. 'காலைலயே' என்பதில் இருக்கிற ஏகாரம் பிரிநிலையிலும் வரும், தேற்றத்திலும் வரும். மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் பிரித்துச் சொன்னால் பிரிநிலை. சந்தேகமே வேண்டாம் என்று அழுத்திச் சொன்னால் தேற்றம். அந்தப் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். சிஸ்டரின் ஒன்லி, தேற்றம். அதை நான் பிரிநிலை ஆக்கிவிட்டேன்.

"அவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"கால்ல வீக்கமில்லீங்களாம், மூச்சு நல்லா இருக்குதாம். டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் கீழ வந்தன். இன்னிக்கிலருந்து ரெண்டு நேரமும் போடச் சொல்லியாச்சு. வீக்கம் வந்தா ஒடனே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்குது. இல்லீன்னா பத்து நாள் கழிச்சு வருவாங்க." கொஞ்சம் நின்று, "தண்ணி குடிங்க மேடம்" என்றார்.

தன் வார்டு நோயாளிக்கு நான் செய்த காரியத்துக்கு, அவர் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அந்த நேரத்தில் அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். மனிதருக்கு அப்படித்தானே புத்தி போகிறது.

சம்பவப் படிவத்தை நானே எழுதினேன். மறுநாள் மருத்துவமனையின் தலைமை டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கன்னடத்துக்காரர், வேகமாக முடிவெடுக்கிற பெண்மணி. இரண்டு தாள்களும் அவர் மேசையில் இருந்தன. "ஏன்ரீ இது? யாரு பரெதித்து?" என்றார். என்ன இது, யார் எழுதியது என்று கேட்கிறார். பதிலுக்குக் காத்திருக்காமல் சிஸ்டரின் குறிப்பைப் படித்தார்.

"இங்கேயே தப்பு இருக்கிறதே. சரியான ஆங்கிலத்தில் இந்த வாக்கியத்துக்கும் 'காலையில் மட்டும்' என்றுதான் பொருள். இவர் மாற்றியதால் ஒன்றும் புதிதாக ஆகவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

விதிப்படி அவர் சொன்னது சரி. ஒன்லி வாலில் நின்றாலும் முன்னால் நின்றாலும் புத்தக ஆங்கிலத்தில் அதற்குப் பிரிநிலைப் பொருள்தான். தேற்றப் பொருள் நாம் கொடுத்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி மொத்தமும் சிஸ்டர் மேல் போய் உட்கார்ந்துவிடும். பதினாறு வயதிலிருந்து என்னைக் காப்பாற்றி வந்த விதி, அந்த அறையிலும் என்னைக் காப்பாற்றத் தயாராக நின்றது. ஒரு நிமிடம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்று தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதினால் பொய்.

"இல்லை டாக்டர்" என்றேன். "அந்த மருந்துக்கடைக்காரரும் இந்த ஊர்ப் பக்கத்துக்காரர்தான். சிஸ்டர் எழுதியபடியே இருந்திருந்தால் அவருக்குச் சரியாகப் புரிந்திருக்கும். நான் நகர்த்திய பிறகுதான் வேறு அர்த்தத்துக்கு வழியே இல்லாமல் போனது. எழுதியவரை ஒரு வார்த்தை கேட்காமல் நகர்த்தினேன்."

டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. பேனாவால் மேசையைத் தட்டினார். "இதனால்தான் அந்தப் பட்டியல் ஒட்டியபோதே இந்த வார்த்தை வேண்டாம் என்றேன். ஐ டோல்ட் யூ இன் த பிகினிங் ஒன்லி!"

சிஸ்டர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மெல்லக் குலுங்கியது. டாக்டர் முதலில் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தான் சொன்னது என்ன என்று அப்போதுதான் அவருக்கு எட்டியது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "சரி, உட்காருங்கள் ரெண்டு பேரும்" என்றார் கன்னடத்தில். அதுவரை நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். பட்டியலைக் கிழித்துவிடலாம், அவரவர் பேசுகிறபடி எழுதட்டும் என்று சொல்லத் தொடங்கினேன். குற்றம் செய்தவளுக்கு வரும் தாராளம் அது. சிஸ்டர் இடையில் நுழைந்தார். டாக்டருக்காகக் கன்னடத்திலும் எனக்காகத் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார்.

"வேண்டாமுங்க. எங்க வார்டுல வடக்க இருந்து வந்த டாக்டருங்களும் இருக்கறாங்க. அவிங்களுக்கு எங்க ஒன்லி தெரியாது. வீட்டாளுக மட்டும் படிச்சாப் பேசற மாதிரியே எழுதலாம். நாலு ஊர்க்காரங்க படிக்கறதுக்கு அது ஆகாதுங்க. நான் காலைல எட்டு மணிக்குக் குடுத்தாச்சுன்னு மணி போட்டிருக்கோணும். மணி போட்டிருந்தா மேடத்துக்கு நகத்தறதுக்கு வார்த்தையே இருந்திருக்காது."

தான் செய்ததில் இருந்த குறையை அவரே எடுத்து வைத்தார். யாரும் கேட்காமல். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா மேடம், திருத்தறதுக்கு முன்னால ஒரு போன் போடுங்க. மாடில எறங்கி ஏற எனக்கும் முட்டி வலிக்குது" என்றார்.

அப்படித்தான் அது முடிவானது. மருந்து கொடுத்த இடத்தில் எல்லாம் மணி எழுத வேண்டும். எழுதியவரைக் கேட்காமல் யார் வாக்கியத்தையும் மாற்றக் கூடாது. டாக்டர் இந்த இரண்டையும் சுற்றறிக்கையாக அனுப்பினார். சிஸ்டர் மேல் நடவடிக்கை இல்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது நியாயம்தான்.

நான் போன் போடவில்லை. தினமும் பதினொரு மணிக்கு அறிக்கைகளை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன். முதல் சில நாட்கள் நர்ஸ்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு பழகிவிட்டது. "இங்கே என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்பேன். எழுதியவர் தமிழிலோ கன்னடத்திலோ மலையாளத்திலோ சொல்வார். அதைக் கேட்டபின் திருத்தினால் வாக்கியம் பாதியாகச் சுருங்கிவிடும். பல இடங்களில் திருத்தவே தேவைப்படாது. நோயாளி 'சும்மா சும்மா' கூப்பிடுகிறார் என்பதற்கு ஒரு கேரளத்துப் பெண் 'சிம்ப்ளி காலிங்' என்று எழுதியிருந்தாள். தப்புதான். ஆனால் அந்த நோயாளி வலியால் கூப்பிடவில்லை, பயத்தால் கூப்பிடுகிறார் என்பதை அந்த வார்டில் இருந்த எல்லோரும் அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். அதை எப்படி எழுதுவது என்று நானும் அவளும் கால் மணி நேரம் பேசினோம். 'பயந்திருக்கிறார், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்' என்று முடித்தோம். இத்தனை வருடத்தில் எந்த வகுப்பிலும் எனக்கு அவ்வளவு நல்ல கால் மணி நேரம் கிடைத்ததில்லை.

சுவரில் இருந்த பட்டியலை நானும் சிஸ்டரும் சேர்ந்து திரும்ப எழுதினோம். 'ப்ரீபோன்' தப்பித்தது. "இது ரொம்ப உபகாரமான வார்த்தைங்க, இதப் போயி அடிச்சிருக்கறீங்களே" என்றார். 'இட்செல்ஃப்' போனது, ஏனென்றால் அதற்குப் பதில் தேதி போட முடியும். 'அபவுட்' தேவையே இல்லாத 'டிஸ்கஸ் அபவுட்' பற்றி இன்றும் எங்களுக்குள் சண்டை உண்டு. அதைப் பார்த்தால் இன்றும் என் கை பரபரக்கிறது. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத தப்பு அது என்று அவர் சொல்வார். இருந்தாலும் அடித்துவிடுகிறேன், கேட்டுவிட்டு.

பத்தாம் நாள் அந்த மலைக்காரரும் அவர் மனைவியும் பரிசோதனைக்கு வந்தார்கள். கொள்ளேகால் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். டாக்டர் பார்த்துவிட்டு, கட்டி கரைந்துகொண்டு வருகிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். மலைக்காரர் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது, மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் என்னை அங்கே அழைத்துப்போய் விட்டுவிட்டு, ஊசி போட வேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பரில் அந்த வரியை மாற்றியது நான்தான் என்று சொன்னேன். இரண்டு மூன்று நாள் மாலை மாத்திரை போடாமல் போனது என்னால்தான், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அந்த அம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, நீங்க சிஸ்டருகிட்டச் சொல்லிறாதீங்க. நான் ஒருக்காவும் நிறுத்தலீங்க."

"என்ன?"

"கெளம்பறப்பவே அந்தம்மா என்ற கையப் புடிச்சுச் சொன்னாங்க. காலைல ஒண்ணு, வெளக்கு வெக்கற நேரத்துக்கு ஒண்ணு, மறந்துறாதீங்கன்னு. மருந்துக்கடைக்காரரு பேப்பரப் பாத்துட்டு வேறயாச் சொன்னாரு. எனக்குக் கையப் புடிச்சுச் சொன்னதுதான் பெருசாத் தெரிஞ்சுது. நான் பாட்டுக்குக் குடுத்துட்டேதான் இருந்தன். போன்ல கேட்டப்ப, பேப்பர்ல இருக்கறத மீறிக் குடுத்தேன்னு திட்டுவாங்களோன்னு கடைக்காரரு சொன்னத மட்டும் சொல்லிப்போட்டன்."

நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அழுதிருக்கிறேன் போல, அவர் தன் முந்தானையை நீட்டினார். பிழையில்லாத என் வாக்கியத்தை அவர் ஒரு நாள்கூட நம்பியிருக்கவில்லை. அதற்கு நான் இன்றுவரை கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். சிஸ்டரிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று மாலையே சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டு, "நல்ல பொம்பள" என்று மட்டும் சொன்னார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் நாங்கள் பேசி முடிப்பதற்குள் அந்த மலைக்காரரும் வந்துவிட்டார். கிளம்பும் முன் அந்த அம்மாள் பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்கதான் எழுதறவங்களாச்சே, இதுல எழுதிக் குடுத்துருங்க. நான் இல்லாதப்ப அவரு பாத்துப் போட்டுக்கட்டும்."

பேனாவை எடுத்துத் தமிழில் 'காலை ஒன்று' என்று எழுதப் போனேன். "தமிழெழுத்துத் தெரியாதுங்களே" என்றார் அவர் கணவர். "நாங்க படிச்சது கன்னடமுங்க." எனவே கன்னட எழுத்தில், தமிழ் வார்த்தைகளை, அவர்கள் வீட்டில் பேசுகிறபடியே எழுதினேன். காலைல எட்டு மணிக்கு ஒண்ணு. வெளக்கு வெக்கற நேரத்துக்கு ஒண்ணு. பெட்டியை வாங்கித் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அவர் சத்தமாகப் படித்தார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மனைவி அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க இருவரும் மெதுவாகப் படி இறங்கிப் போனார்கள்.